சதுப்பு நிலக் காட்டுக்குப் போகிறீர்களா? தண்ணீரைப் பார்த்து நாள் குறியுங்கள்

சதுப்பு நிலச் சரணாலயத்துக்குப் போய் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பெரிசா ஒண்ணும் இல்லைங்க, கொசுதான் பிடுங்கிடுச்சு." அவர்கள் பொய் சொல்லவில்லை. விடுமுறை நாளில், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில், கூட்டத்தோடு கூட்டமாகப் பலகைப் பாதையில் தடதடவென்று நடந்து முக்கால் மணி நேரத்தில் சுற்றி முடித்தால் யாருக்கும் ஒன்றும் தென்படாதுதான். மலைக்கோ அருவிக்கோ போனால் பார்க்க வேண்டியது எதிரே வந்து நின்றுகொள்ளும். சதுப்பு நிலம் அந்த ரகம் இல்லை. அங்கே வாழ்கிற எல்லாம் ஒன்று எதையாவது பிடிக்க ஒளிந்திருக்கும், இல்லை எதுவும் தன்னைப் பிடிக்காமலிருக்க ஒளிந்திருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம்தான் என்பேன். தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து நாளையும் நேரத்தையும் முடிவு செய்வது ஒன்று. போய்ச் சேர்ந்த பிறகு நடையைக் குறைத்து நிற்பதைக் கூட்டுவது இன்னொன்று. கொசு மருந்து, ஷூ, பைனாகுலர் என்று மீதி இருப்பதெல்லாம் இந்த இரண்டையும் நிம்மதியாகச் செய்வதற்கு உதவத்தான்.

எப்போது போவது

முதலில் நீங்கள் போகப் போவது எந்த மாதிரிச் சதுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். மரங்கள் நன்னீரில் நிற்கும் காடு ஒரு வகை. கடலோரத்து அலையாத்திக் காடு வேறு வகை. மரமே இல்லாமல் கோரையும் நாணலுமாகக் கிடப்பதும் உண்டு, குளிர்நாடுகளில் மட்கிய பாசி அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவான கரிச்சதுப்பும் உண்டு. நாள் பார்க்கும் கணக்கு ஒவ்வொன்றுக்கும் மாறும்.

நன்னீர்க் காட்டுக்கு, மழை முடிந்து எங்கும் தண்ணீர் ததும்பும்போது போவதுதான் சிறப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், சரி. ஆனால் தண்ணீர் பரந்து கிடந்தால் மீனும் பரந்துவிடும், மீன் பரந்தால் அதைத் தின்னும் பறவையும் காடு முழுக்கச் சிதறிவிடும். தண்ணீர் வற்ற வற்ற மீனெல்லாம் மிச்சமிருக்கும் குட்டைகளுக்கு வந்து நெருக்கியடிக்கும், அப்புறம் அந்தக் குட்டையைச் சுற்றித்தான் கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன், முதலை எல்லாம் பந்திக்கு உட்காரும். ஆகவே மழைக்காலம் முடிந்து சில வாரங்கள் விட்டு, தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போங்கள். முழுக்க வற்றிய பிறகு போனால் வெறும் சேறுதான் மிஞ்சும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கார்க்ஸ்க்ரூ என்றொரு சதுப்புச் சரணாலயம் இருக்கிறது. 1954 முதல் ஆடுபன் என்கிற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் உள்ள இடம், மூன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பலகைப் பாதை, இரு பக்கமும் நூற்றாண்டுகளாக வெட்டுப்படாத சைப்ரஸ் மரங்கள். அங்கே கூடு கட்டும் வுட் ஸ்டார்க் என்கிற பெரிய நாரை, மஞ்சள்மூக்கு நாரைக்கு நெருங்கிய சொந்தம், மீனைக் கண்ணால் தேடிப் பிடிப்பதில்லை. கலங்கிய தண்ணீருக்குள் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்ல நடக்கும், மீன் வந்து பட்ட மாத்திரத்தில் மூடிவிடும், அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. இந்த முறையில் பிழைக்க வேண்டுமானால் மீன் நெருக்கமாக இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் அது தண்ணீர் இறங்கும் காலத்தில் குஞ்சு பொரிக்கிறது. நடுவில் பெருமழை பெய்து தண்ணீர் மறுபடி ஏறிவிட்டால் மீன் கலைந்துபோகும், நாரை சில சமயம் கூட்டையே கைவிட்டுப் போய்விடும். இவ்வளவு பெரிய பறவையே தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத்தான் தன் காரியத்தை வைத்துக்கொள்கிறது, நாம் மட்டும் லீவு கிடைக்கும் நாளை வைத்துத் திட்டம் போடுகிறோம்.

அலையாத்திக் காட்டில் மாதம் பார்ப்பதைவிட மணி பார்ப்பது முக்கியம். கடல் ஏற்றமும் வற்றமும் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு தடவை வரும், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் நண்பர் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தார் என்பதற்காக நீங்களும் எட்டு மணிக்குப் போனால் அவர் பார்த்தது உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் போகும் இடத்துக்குப் பக்கத்துத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணை, அதாவது ஏற்ற வற்ற நேரப் பட்டியல், இணையத்தில் கிடைக்கும், அதை எடுத்துப் பாருங்கள். வற்றத்தில் சேறு வெளியே தெரியும். துடுப்பை ஊன்றிச் சேற்றில் தத்திப் போகும் மட்ஸ்கிப்பர் மீன், ஒற்றைப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும் ஆண் நண்டுகள், இரை தேடி வரும் நீருடும்பு எல்லாம் அப்போதுதான். ஏற்றத்தில் சேற்றுத் திட்டு மூழ்கிவிடுவதால் உள்ளான் வகைப் பறவைகள் உயரமான இடம் தேடி மொத்தமாகக் கரைப்பக்கம் ஒதுங்கும். சிங்கப்பூரின் சுங்கை பூலோ இதற்குப் பேர்போன இடம். 2003-இல் ஆசியான் பாரம்பரியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது, செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் தங்கிப் போகும். இரண்டையும் பார்க்க ஆசை என்றால் வற்றம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்துக்குப் போய், ஏற்றம் வரை இருந்துவிடுங்கள். அந்த ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ஒரே இடம் இரண்டு இடமாகும்.

நாளின் நேரத்தைப் பொறுத்தவரை, கதவு திறந்த முதல் இரண்டு மணி நேரம் பறவைகளுக்கு. இதில் பேரமே இல்லை. ஆனால் முதலை, ஆமை, பாம்பு போன்ற குளிர்ரத்தப் பிராணிகள் வெயில் கொஞ்சம் ஏறிய பிறகுதான் காய்வதற்கு மேலே வரும், அதுவும் குளிரான காலைகளில் ஒன்பது பத்து மணிக்கு மேல். அதனால் விடியலில் உள்ளே போய்ப் பத்தரைக்கு வெளியே வருவது போல வைத்துக்கொண்டால் எதுவும் தப்பாது. நடுப்பகல் வீண்.

கிளம்பும் முன் சரணாலயத்தின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். புயல், வெள்ளத்துக்குப் பிறகு பலகைப் பாதையின் ஒரு பகுதி மாதக்கணக்கில் மூடிக் கிடப்பது சகஜம். சில இடங்களுக்கு முன்பதிவு வேண்டும், ஹாங்காங்கின் மாய்ப்போ சதுப்புக்குள் போகவோ அரசின் அனுமதிச் சீட்டே வேண்டும்.

கொசு விஷயம்

அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் உள்ள காங்கரி தேசியப் பூங்காவில், பார்வையாளர் மையத்தின் சுவரில் ஒரு கொசு மீட்டரே மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆறு படி. முதல் படி "ஒன்றும் இல்லை", ஆறாவது படி "போர்க்களம்". வேடிக்கைக்காக வைத்ததுதான், ஆனால் உள்ளே போகுமுன் எல்லோரும் ஒரு தடவை முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். உங்கள் சரணாலயத்தில் மீட்டர் இருக்காது, அதனால் வாசலில் இருக்கும் ஊழியரிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்வார்.

உடை: உடம்போடு ஒட்டாத, முழுக்கை, முழுக்கால், வெளிர் நிறம். ஒட்டிப் பிடிக்கும் லெக்கிங்ஸின் மேலிருந்தே கொசு கடிக்கும், கறுப்பு நிறம் வேறு அதைக் கூப்பிட்டு வரவழைக்கும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தாலும் உண்ணி ஏறாது.

மருந்தில் டீட், பிகாரிடின் என்று கொசு விரட்டும் பொருள் இரண்டு உண்டு: டீட் இருபதிலிருந்து முப்பது சதவீதம் உள்ளது, இல்லை பிகாரிடின் இருபது சதவீதம் உள்ளது, இந்த இரண்டில் ஒன்று. என் வாக்கு பிகாரிடினுக்கு, காரணம் டீட் பிளாஸ்டிக்கை உருக்கும். கையில் டீட்டைத் தடவிவிட்டு அப்படியே கேமராவையோ பைனாகுலரையோ பிடித்தால் மேலே உள்ள ரப்பர் பிசுபிசுத்துப் போகும், கண்ணாடி ஃபிரேம் மங்கிவிடும். டீட்தான் இருக்கிறது என்றால் தடவிய பின் உள்ளங்கையை நன்றாகத் துடைத்துவிட்டுப் பிறகு சாமான்களைத் தொடுங்கள். சன்ஸ்கிரீன் போடுவதானால் அது முதலில், கொசு மருந்து அதற்கு மேல். வாசனைத் தைலங்களை நம்பி மூன்று மணி நேரம் சதுப்புக்குள் போக வேண்டாம், பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கைக்குழந்தைக்கு எது பூசலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டீட் கூடாது, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் கூடாது.

காலுக்குக் கீழே இருக்கும் பலகை

பலகைப் பாதை நம் கால் நனையாமல் இருப்பதற்காக மட்டும் போட்டது இல்லை. சதுப்பு மண் மிதிபட்டால் இறுகிவிடும், இறுகிய மண்ணில் வேர் மூச்சுவிட முடியாது. அலையாத்தி மரங்கள் மூச்சு வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி வைத்திருப்பதே கீழே காற்று இல்லாததால்தான். ஒரு போட்டோவுக்காக ஒருவர் கீழே குதித்து நாலு அடி வைத்தால் முறிவது அந்த வேர்கள். ஆகவே இறங்கக் கூடாது என்ற அறிவிப்பைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதோடு, தரை என்று நீங்கள் நினைக்கும் பச்சை, மிதக்கும் செடியாகவும் இருக்கலாம், கீழே இடுப்பளவு தண்ணீர் இருக்கும்.

நிழலில் இருக்கும் பலகையில் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம் பிடித்திருக்கும். மழை பெய்து முடிந்ததும், விடியல் பனியிலும் அது சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையாகிவிடும். அடிப்பக்கம் ஆழமான ரப்பர் கோடுகள் உள்ள ஷூ போடுங்கள். ஹவாய்ச் செருப்பும் ஹீல்ஸும் வேண்டாம், ஹீல்ஸ் பலகை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அந்த இடுக்கு இன்னொன்றையும் விழுங்கும்: கார் சாவி, லென்ஸ் மூடி, காதில் மாட்டும் இயர்பட். விழுந்தால் விழுந்ததுதான், எட்டி எடுக்கப் போகாதீர்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பிடிக்கு வெளியே நீட்டிப் படம் எடுப்பவர்கள் மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டிக்கொள்வது நல்லது.

சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் பலகைப் பாதை பொதுவாக நன்றாகவே ஒத்துழைக்கும், காட்டுக்குள் இவ்வளவு தூரம் போக அவர்களுக்கு வேறு வழி அபூர்வம். ஆனால் சில பாதைகளில் கைப்பிடி இல்லாமல் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டை மட்டும்தான் இருக்கும், சில இடத்தில் பார்வைக் கோபுரத்துக்குப் படிக்கட்டு மட்டும் இருக்கும். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாதை வட்டமா, போய்த் திரும்புவதா என்பதையும் கேளுங்கள். வட்டப் பாதையில் பாதி தூரம் போன பிறகு குழந்தை அழுதாலோ மழை வந்தாலோ குறுக்கு வழி இருக்காது. கழிப்பறை பெரும்பாலும் வாசலில் மட்டும்தான். தண்ணீர் பாட்டில் அவசியம், தின்பண்டம் அனுமதி இருந்தாலும் உள்ளே பிரிக்காதீர்கள், வாசனைக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. நாயைக் கூட்டிப் போக ஆசைப்பட வேண்டாம். அனேக இடங்களில் விடமாட்டார்கள், முதலை இருக்கும் இடத்தில் அது நாய்க்கே ஆபத்து. இடி இடித்தால் கோபுரத்தில் ஏறி வேடிக்கை பார்க்காமல் திரும்பிவிடுங்கள்.

பார்ப்பது எப்படி

முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஒரு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது ஆமைவேகமாகத் தோன்றும், செய்து பார்த்தால் அதுவே போதாது. பாதை வளையும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் நில்லுங்கள், வளைந்த பிறகு இல்லை. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது உங்களை இன்னும் பார்த்திருக்காது. ஒரு இடத்தில் நின்றால் குறைந்தது ஐந்து நிமிடம் நில்லுங்கள். நீங்கள் வந்ததும் அடங்கிப்போன தவளையும் பூச்சியும் மறுபடி சத்தம் போட ஆரம்பிக்கும் வரை என்று கணக்கு வைத்துக்கொண்டால் கடிகாரம்கூட வேண்டாம்.

பிராணியைத் தேடாதீர்கள், பொருந்தாததைத் தேடுங்கள். செங்குத்தாக நிற்கும் மரங்களுக்கு நடுவே ஒரு படுக்கைக் கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரு பறவையின் முதுகு. காற்றே இல்லாதபோது ஒரு நாணல் மட்டும் அசைந்தால் அதன் அடியில் ஏதோ இருக்கிறது. ஆனால் குருகு இருக்கிறதே, அது இந்தக் கணக்கையும் ஏமாற்றும்: ஆபத்து என்று பட்டதும் அலகை நேரே வானத்துக்குத் தூக்கி, கழுத்தை நீட்டி, கோரையோடு கோரையாக நிற்கும், காற்று அடித்துக் கோரை ஆடினால் தானும் கூடவே ஆடும். பத்து அடி தள்ளி நின்று அதன் கண்ணை நேருக்கு நேர் பார்த்த பிறகும் அது பறவைதானா என்று சந்தேகம் வரும்.

பலகையையும் கைப்பிடியையும் படியுங்கள். ஒரு கிளையில் மட்டும் வெள்ளை வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தால் அது மீன்கொத்தியோ பாம்புத்தாராவோ திரும்பத் திரும்ப வந்து உட்காரும் இடம். பறந்து போனால் துரத்த வேண்டாம், அங்கேயே நில்லுங்கள், வந்துவிடும். பாம்புத்தாரா நனைந்த இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ரொம்ப நேரம் அசையாது, நிதானமாகப் பார்க்கலாம். பலகை நடுவிலேயே கறுப்பாக, குழைந்து, உள்ளே மீன் செதிலும் முள்ளும் நண்டு ஓட்டுத் துண்டுமாக மின்னும் ஒரு குவியலைப் பார்த்து முகம் சுளித்துத் தாண்டிப் போகிறார்கள். அது நீர்நாயின் புழுக்கை. குடும்பமே ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து கழிக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. காயாமல் ஈரமாக இருந்தால் நீர்நாய் சற்று முன்புதான் போயிருக்கிறது, சத்தம் போடாமல் இரண்டு பக்கத் தண்ணீரையும் பாருங்கள்.

முதலையைத் தேடும்போது முழு உடம்பை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீரில் இரண்டு மேடு மட்டும் தெரியும், முன்னால் மூக்கு, பின்னால் கண். அமெரிக்க அலிகேட்டரைப் பற்றி அங்குள்ளவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள், மூக்குத் துளைக்கும் கண்ணுக்கும் நடுவே எத்தனை அங்குலமோ ஏறத்தாழ அத்தனை அடி நீளம் என்று. எட்டு அங்குலம் என்றால் எட்டு அடி. தூரத்திலிருந்து அங்குலம் கணிக்க முடியுமா என்பது வேறு விஷயம், ஆனாலும் குழந்தைகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும்.

தலையைக் குனிந்து பலகைக்குக் கீழேயும் பாருங்கள். நிழலுக்காக மீன் அங்கே கூடும், மீனுக்காக ஆமை வரும். அலையாத்திப் பக்கம் ஏற்ற நேரத்தில் வில்லாளி மீன் என்று ஒன்று வரும், வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி இலையில் இருக்கும் பூச்சியைத் தட்டி விழவைக்கும். தண்ணீர் பழுப்பாக இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று முடிவு கட்டாதீர்கள், விழுந்த இலையிலிருந்தும் பட்டையிலிருந்தும் கசியும் டானின்தான் அந்த நிறம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுவும் சாக்கடை இல்லை. காற்றே புகாத சேற்றில் வாழும் பாக்டீரியா வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது, சதுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதன் அடையாளம்.

மரங்களுக்கும் நேரம் கொடுங்கள். பால்ட் சைப்ரஸ் ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் மொட்டையாகிவிடும், அப்போது போனால் உச்சிக் கூடுகள் எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரியும். அதன் அடியில் தண்ணீரிலிருந்து முட்டிமுட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும் வேர் முண்டுகள் எதற்கு என்று அறிவியலாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூச்சுவிடத்தான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது, சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. சத்தே இல்லாத கரிச்சதுப்பில் பூச்சி தின்னும் செடிகளைத் தேடுங்கள், நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுக்க முடியாததால் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பனித்துளி மாதிரி மின்னும் பசையோடு இருக்கும் சின்னச் சிவப்பு இலைகளை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், நின்றால் தவறவிடுவீர்கள்.

பைனாகுலர் வாங்குவதானால் 8×42. பத்து மடங்கு பெரிதாக்குவது இன்னும் நல்லதுதானே என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் பெரிதாக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும், பலகைப் பாதையோ பின்னால் யாராவது நடந்தாலே அதிரும். 42 என்பது முன் கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். மர நிழலில் வெளிச்சம் குறைவு, சின்னக் கண்ணாடி இருந்தால் எல்லாம் இருட்டாகத் தெரியும். கேமரா ஸ்டாண்டுக்கும் இதே கதை, ஆள் நடமாட்டம் நின்ற பிறகு அழுத்துங்கள். வெள்ளைக் கொக்கைப் படம் எடுக்கும்போது வெளிச்சத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இருட்டுப் பின்னணியில் அது வெறும் வெள்ளைத் திட்டாக விழும்.

தள்ளி நிற்க வேண்டியவை

கைப்பிடியைப் பார்க்காமல் பிடிக்காதீர்கள். பாம்பு வெயில் காய அதைவிட வசதியான இடம் சதுப்பில் குறைவு, கம்பளிப்பூச்சிக்கும் அதே ஆசை உண்டு. பலகை மேல் பாம்பு குறுக்கே கிடந்தால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று காத்திருங்கள், தானாகப் போகும். விஷமுள்ளதா இல்லையா என்று பக்கத்தில் போய் ஆராய்ச்சி செய்வதுதான் கடி வாங்கும் வழி. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட பகுதியை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா அலிகேட்டரிடமிருந்து குறைந்தது பதினைந்து அடி, அதாவது நாலரை மீட்டர், தள்ளி நிற்கச் சொல்கிறது. அது உஸ்ஸென்று சீறினால் நீங்கள் ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். குட்டிகள் தெரிந்தால் தாய் அருகிலேயே இருக்கும். உவர்நீர் முதலை இருக்கும் இடங்களில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள், அது வேறு சுபாவம், தண்ணீர் ஓரத்திலேயே நிற்கக் கூடாது. எதற்கும் தீனி போடாதீர்கள். புளோரிடாவில் அலிகேட்டருக்குத் தீனி போடுவது குற்றம். மனிதர்களைக் கண்டால் சாப்பாடு என்று பழகிய முதலையை அப்புறம் பிடித்துக் கொன்றுவிடத்தான் செய்வார்கள். பலகை ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவதும் கூடாது.

செடியில் கவனிக்க வேண்டியது ஊருக்கு ஊர் மாறும். வட அமெரிக்காவில் பாய்சன் ஐவி, மூன்று மூன்றாக இலை, மரத்தில் ஏறும் கொடியில் நார் நாராக வேர். தொட்டால் அதன் எண்ணெய் தோலில் ஒட்டித் தடிப்பும் அரிப்பும் வரும், உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் தில்லை மரம், சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம்தான். கிளையை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். மொத்தத்தில் எதையும் ஒடிக்காமல் பறிக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

குழந்தைகளைக் கூட்டிப் போனால் சத்தம் போடாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அது நடக்காது. ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒருவர் ஆமையை எண்ணட்டும், ஒருவர் காதால் கேட்கும் சத்தங்களை எழுதட்டும், சின்னவர் பலகைக்குக் கீழே பார்க்கும் பொறுப்பு. அவர்கள் உயரம் குறைவு, நாம் பார்க்காததைப் பார்ப்பார்கள்.

வெளியே வந்த பிறகு

காருக்குள் ஏறும் முன் ஷூ அடியில் ஒட்டிய சேற்றையும் விதைகளையும் அங்கேயே தட்டிவிடுங்கள், ஒரு சதுப்பின் களைச்செடி அடுத்த சதுப்புக்கு இப்படித்தான் போகிறது. வீட்டுக்கு வந்ததும் துணியை நேரே துவைக்கப் போட்டுவிட்டு, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நெருப்பு வைக்காதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அடுத்த சில வாரத்தில் காய்ச்சலோ கடிபட்ட இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்போ வந்தால் டாக்டரிடம் போங்கள், சதுப்பு நிலத்துக்குப் போய் வந்ததையும் உண்ணி கடித்த தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள்.